மறைத்தவன்

ஷார்ஜாவில், சஜ்ஜா தொழிற்பேட்டைக்குப் பின்னால்
சாரம் சரிந்தது ஐந்து ஐம்பதுக்கு.
ஆறு இரண்டுக்கு அது என் கைப்பேசியில் இருந்தது.
ஆம்புலன்ஸ் ஆறு பதினாறுக்குத்தான் போனது என்று
பிறகு தெரிந்தது.

அனுப்பியவனுக்குப் பெயரில்லை.
ஓர் எண், முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ,
'அண்ணே, முதல்ல உங்களுக்குத்தான்' என்று ஒரு வரி.
அதே வரி இன்னும் எத்தனை அண்ணன்களுக்குப் போனதோ.

நாற்பத்தொரு நொடி.
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
பிறகு சத்தத்தோடு.
பிறகு நிறுத்தி நிறுத்தி,
எந்த நொடியில் முகம் திரும்புகிறது என்று.

முகத்தைக் கலைப்பது எளிது.
ஒரு வட்டத்தை இழுத்து வைத்தால் போதும்,
தலை அசையும் இடமெல்லாம் கூடவே போகும்,
வளர்த்த நாய் மாதிரி.
தொப்பியில் மார்க்கரால் எழுதிய பெயர், தமிழில்.
அதையும் கலைத்தேன்.
முதுகில் கம்பெனியின் பெயர்.
அதைக் கலைக்கச் சொன்னார்கள்.
ஏழு மணிச் செய்தியை வழங்குவது
அதே குழுமத்தின் கடல் பார்த்த வீடுகள்.

முகம் தெரிந்தால் வழக்கு வரலாம்,
தெரியாவிட்டால் அது செய்தி என்பார் பைரோஸ்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
கைக்கடிகாரத்தைத் தட்டினார்.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்.
பதினான்கு பேர் சம்பளம் அந்தக் கடிகாரத்துக்குள் ஓடுகிறது,
என் விசாவும்.

போட்டிக்காரர்கள் எதையும் மறைக்காமல் போட்டுவிட்டார்கள்,
பின்னணியில் வயலின்.
நாம் அப்படி இல்லை என்றார்.
நாம் அப்படி இல்லை என்றேன்.
நம்பித்தான் சொன்னேன்.
மேசையில் சுலைமானி ஆறிக்கொண்டிருந்தது.

ஏழு ஐந்துக்குப் பதினோராயிரம் பேர்.
ஏழரைக்கு எண்பதாயிரம்.
எண் ஏற ஏற உள்ளேயும் என்னவோ ஏறியது.
வெட்கம் என்று எழுதத்தான் ஆசை.
அது வெட்கம் இல்லை.

எட்டுக்குச் சற்று முன்னால் ஓர் அழைப்பு,
விளம்பரத்துக்கென்று நாங்கள் கொடுத்திருக்கும் எண்ணுக்கு.
மூலைக்கரைப்பட்டியிலிருந்து.

"சார், பால்வண்ணன் வீட்டுலருந்து பேசுதேன்."

அந்த எழுத்துகளை
ஒரு மணி நேரத்துக்கு முன்புதான்
ஒவ்வொன்றாக அழித்திருந்தேன்.

"மூஞ்சிய மறச்சிருக்கீங்க. காலு தெரியுது சார்.
எடது செருப்புல செவப்பு வயரு கட்டியிருக்கு.
போன வாரம் வீடியோல காட்டுனாவ.
புதுசு வாங்குங்கன்னேன்.
அடுத்த சம்பளத்துலன்னாவ."

என்னிடம் ஒரு வாக்கியம் உண்டு.
பதினோரு வருடமாகச் சொல்லி வருகிறேன்,
ஒரு முறைகூட அது பொய்த்ததில்லை:
'இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.'
காவல்துறை சொல்லவில்லை,
தூதரகம் போனை எடுக்கவில்லை,
மருத்துவமனை எண்ணிக்கை மட்டும் தந்தது.
எல்லாம் உண்மை.
சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு மோட்டார் ஓடி நின்றது.

"அது சரி சார்.
மறைக்கதுக்கு முன்னால
நீங்க பாத்திருப்பீங்கல்லா?"

இருபத்திரண்டாம் நொடியில் திரும்புகிறது.
இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிய தழும்பு.
வாய் சற்றே திறந்து,
யாரோ கூப்பிட்டதற்கு 'என்ன' என்று கேட்பது போல.
வட்டம் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக
அதை இருநூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தவன் நான்.
இந்த உலகில் அந்த முகத்தை
அவ்வளவு நேரம் பார்த்தவர்கள்
அவளும் நானுமாகத்தான் இருக்கும்.

"அம்மா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?"
என்று கேட்டேன்.
அவ்வளவுதான் கேட்டேன்.
அதிலேயே அவளுக்குப் போதுமானது இருந்தது.

படத்தை எடுத்துவிடலாம் என்றேன்.
எடுத்தோம், லட்சத்து இருபதாயிரத்தில்.
அதற்குள் எங்கள் வட்டத்தோடேயே
அது வேறு வீடுகளுக்குக் குடிபோயிருந்தது.

ஒன்பது மணிக்கு வாசித்தேன்:
'ஒருவர் உயிரிழந்தார்.
பெயர் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.'
குரல் நடுங்கவில்லை. பயிற்சி அப்படி.

வாகன நிறுத்தத்தில் கைப்பேசி அதிர்ந்தது.
ரோஜாப்பூ.
'அண்ணே, வேற பக்கத்துலருந்து எடுத்தது ஒண்ணு இருக்கு.
ரொம்பக் கிட்டத்துல. வேணுமா?'

பதில் எழுதவில்லை.
ஆனால் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன.
நான் பார்த்துவிட்டேன் என்று
அவனுக்கும் தெரியும்.